கூட்டத்துக்கு வராத மெசின்



பாடசாலைப் பிள்ளைகளும் சாட்ஜிபிடியும் என்று சென்ற இதழில் அரைப் பக்கக் குறிப்பு ஒன்று போட்டிருந்தோம். அதற்கு வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் அச்சிட்டால் இந்த இதழில் வேறெதற்கும் இடமிருக்காது. முருங்கனிலிருந்து ஒரு ஆசிரியை, வகுப்புப் பிள்ளைகள் எழுதும் கட்டுரைகள் எல்லாம் ஒரே ஆள் எழுதியதுபோல் வருகின்றன என்று நொந்துகொள்கிறார். வங்காலையிலிருந்து ஒரு கடற்றொழிலாளி, காற்று எப்போது மாறும் என்று போனிடம் கேட்டுவிட்டுத்தான் கடலுக்கு இறங்குவதாகவும், அது பெரும்பாலும் சரியாகத்தான் சொல்வதாகவும் எழுதியிருக்கிறார். உயிலங்குளத்து வாசகர் ஒருவர் அஞ்சலட்டையில் ஒரே வரி எழுதியிருக்கிறார்: "இது வந்தால் எங்களுக்கு என்ன மிஞ்சும்?" இன்னொருவர், "இனி ஆசிரியர் பக்கத்தையும் அதுவே எழுதுமோ?" என்று கிண்டல் செய்கிறார். எழுதலாம் ஐயா. ஆனால் பிழை வந்தால் சந்தியில் மறித்துக் கேட்பதற்கு உங்களுக்கு ஒரு ஆள் வேண்டுமே!

கிண்டலுக்குக் கிண்டலாகச் சொன்ன பதில்தான் அது. ஆனால் அஞ்சலட்டைக்காரருக்கு என்ன எழுதலாம் என்று யோசிக்க யோசிக்க, சொல்வதற்கு என்னிடம் இருப்பதும் அது ஒன்றுதான் என்று தெரிந்தது.

உலகத்தின் பெரிய தலைகள் இதைப் பற்றி வேறு விதமாகப் பேசுகின்றன. 2024 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜெஃப்ரி ஹின்டன், அதற்கு முந்தைய வருடமே கூகுளை விட்டு விலகி, இந்த எந்திரங்கள் ஒரு நாள் மனிதரின் கட்டுப்பாட்டை மீறிவிடக்கூடும் என்று ஊர் ஊராக எச்சரித்து வருகிறார். அதே 2024 இல் இரசாயனவியல் பரிசின் பாதி, புரதங்களின் வடிவத்தை இதே வகை எந்திரத்தால் கணித்துக் காட்டிய டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜோன் ஜம்பருக்கும் போனது. ஒரே வருடம், ஒரே மேடை. ஒரு பக்கம் பயம், மறுபக்கம் பாராட்டு. அவர்கள் வரப்போகும் தலைமுறைகளை நினைத்துக் கவலைப்படுகிறார்கள், கவலைப்படட்டும். நமக்கு வரப்போகும் காலபோக விதைப்பு இருக்கிறது.

நம்மில் பலர் ஒரு மெசினின் தீர்ப்பை ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள். 2023 இல் அஸ்வெசும என்ற அரச உதவிப் பணத் திட்டம் வந்ததை நினைத்துப் பாருங்கள். அதற்கு முந்திய சமுர்த்தித் திட்டக் காலத்தில் ஆள் பார்த்து, கட்சி பார்த்துக் கொடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு இருந்தது. அதை ஒழிக்கத்தான் சூத்திரம் கொண்டுவந்தோம் என்றார்கள். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு என்று 22 குறிகாட்டிகள். வீடு வீடாக வந்து கேட்டார்கள், கணினியில் போட்டார்கள், புள்ளி வந்தது, பட்டியல் வந்தது. பட்டியல் வந்தவுடன் நாடெங்கும் லட்சக்கணக்கான முறையீடுகளும் வந்தன. அதில் இருந்தது அறிவுள்ள எந்திரமல்ல, வெறும் கூட்டல் கணக்கு. இருந்தாலும் வரப்போவதற்கு அது நல்ல ஒத்திகை.

வடக்கில் ஒரு கருமபீடத்தில் அந்த நாட்களில் நான் பக்கத்தில் நின்று கேட்ட பேச்சு இது.

"சிஸ்டத்தில உங்கட பேர் இல்லை அம்மா."

"ஏன் தம்பி இல்லை?"

"அது எனக்குத் தெரியாது. சிஸ்டம் அப்பிடித்தான் காட்டுது. அப்பீல் போடுங்கோ."

"மூத்தவன் லீசிங்கில எடுத்த மோட்டச்சைக்கிளைப் பாத்திட்டாங்களோ?"

தம்பி பதில் சொல்லவில்லை. அவர் கெட்டவரில்லை, அவருக்கு உண்மையிலேயே தெரியாது. காசு கிடைக்காததைவிட, ஏன் கிடைக்கவில்லை என்பது தெரியாததுதான் அந்த அம்மாவை அரித்தது. மோட்டார் சைக்கிளா, மகள் வெளிநாடு போனதா, ஓட்டுக்கூரையா என்று வீட்டிலிருந்த ஒவ்வொரு பொருளையும் சந்தேகிக்கத் தொடங்கிவிட்டார். பழைய காலத்து அதிகாரி மறுத்திருந்தால் திட்டியாவது இருக்கலாம். சூத்திரத்தை யார் திட்டுவது?

இன்றைக்கு அதே அம்மா கொமினிகேசன் கடைக்குப் போனால், கடைக்காரப் பிள்ளை செயற்கை நுண்ணறிவிடம் சொல்லி ஒரு நிமிடத்தில் அழகான முறையீட்டுக் கடிதம் எடுத்துக் கொடுத்துவிடும். அந்தக் கடிதத்தை நாளைக்கு இன்னொரு மெசின் வாசித்துத் தரம் பிரிக்கும். இரண்டு மெசின்களும் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும். நடுவில் அடையாள அட்டையோடு நிற்பது அம்மா.

இதற்கு நேர் எதிரான ஒன்று நம் மன்னாரில் இருக்கிறது. கட்டுக்கரைக் குளத்தை நம்பி விதைப்பவர்களுக்குப் போகக் கூட்டம் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அருவி ஆற்றைத் தேக்கம் என்ற இடத்தில் மறித்து வாய்க்கால் வழியாகக் கொண்டுவரும் தண்ணீர் கட்டுக்கரையை நிரப்புகிறது. கட்டுக்கரை நூற்றுக்கும் மேற்பட்ட சிறு குளங்களை நிரப்புகிறது. சிறு குளங்கள் நானாட்டான், முருங்கன், மாந்தைப் பக்கத்து வயல்களை நனைக்கின்றன. ஒவ்வொரு போகத்துக்கும் முன்பாக அதிகாரிகளும் கமக்காரர் அமைப்புகளும் கூடி, துருசு திறக்கும் திகதி, விதைப்புக்குக் கடைசித் திகதி, மாடுகளை வயல்வெளியிலிருந்து அப்புறப்படுத்தும் திகதி, வாய்க்கால் துப்பரவு எல்லாவற்றையும் பேசித் தீர்மானிப்பார்கள். சிறுபோகமென்றால் இன்னும் சூடு. இருக்கிற தண்ணீருக்கு எல்லாக் காணியும் விதைக்க முடியாது. யாருக்கு எத்தனை ஏக்கர் என்பதில்தான் சத்தம்.

அந்தச் சத்தத்தைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. நேரத்தை வீணாக்குகிறார்கள் என்பார்கள். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். வாய்க்காலின் கடைசியில் காணி உள்ளவர் எழும்பி நின்று, "போன முறையும் இதைத்தான் சொன்னீங்கள், எங்கட பக்கம் தண்ணி எட்டியும் பாக்கேல்லை" என்பார். பொறியியலாளர் அவருடைய முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். சொன்னது கூட்டக் குறிப்பில் ஏறும். அந்தக் கூட்டத்தில் பொய் சொல்வது கஷ்டம், ஏனென்றால் அடுத்த போகத்திலும் அதே முகங்களைத்தான் பார்க்க வேண்டும். முடிவு சில வேளை பிழைத்துப் போகும். பிழைத்தது யாருடைய கணக்கு என்பது மட்டும் ஊருக்கே தெரிந்திருக்கும்.

குளத்து நீர்மட்டம், வெயிலில் ஆவியாகிப் போவது, வரப்போகும் மழை, பயிரின் வயது எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட நம்மைவிட மெசினுக்கு நன்றாகத் தெரியும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. அப்படியான ஒன்று வந்தால் வரவேற்கிறேன். ஆனால் அது கொழும்பிலோ வேறெங்கோ இருந்துகொண்டு "இந்த முறை உங்கள் துருசுக்கு இவ்வளவுதான்" என்று குறுஞ்செய்தி அனுப்பும் மெசினாக இருக்கக்கூடாது. அதன் கணக்கு போகக் கூட்டத்தில் மேசைக்கு வர வேண்டும். அதைக் கொண்டுவந்தவர் எழும்பி நின்று விளக்க வேண்டும். வாய்க்கால் கடைசிக்காரர் கேள்வி கேட்க வேண்டும்.

மன்னார்த் தீவுக்காரருக்கு இது இன்னும் நன்றாக விளங்கும். 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனியில் 30 காற்றாலைகள், 103.5 மெகாவாற். கண்டம் கடந்து வரும் பறவைகள் நெருங்கினால் விசிறிகளை நிறுத்துவதற்காக ராடார் வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம்; வங்காலைச் சரணாலயம் 2010 இலிருந்து ராம்சார் ஈரநிலம், பறவைகளை நாமும் நேசிக்கிறோம். ஆனால் 2025 இல் புதிய காற்றாலைகளுக்கு எதிராக வீதியில் இருந்தவர்கள், மழைத் தண்ணீர் வடிய வழியில்லாமல் போனதை எத்தனையோ தரம் சொல்லியிருந்தார்கள். பறவை வருவதை அறிய ஒரு ராடார் கண்டுபிடித்த உலகம், பேசாலைக்காரர் சொல்வதைக் கேட்க இன்னும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

சரி, குறை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் நியாயமில்லை. மெசின் உயிர் காக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அது நம் ஆறு.

அநுராதபுரத்தில் மல்வத்து ஓயா என்ற பெயரில் ஓடுவது, தந்திரிமலையைக் கடந்து, தேக்கத்துக்கு வந்து, அருவி ஆறாக அரிப்புக்கு அருகில் கடலில் விழுகிறது. 164 கிலோமீற்றர். நம் வானத்தில் ஒரு துளி மழை இல்லாத நாளிலும் அநுராதபுரத்து மழை நம் வீட்டுக்குள் வரும். ஆனால் உடனே வராது, மணித்தியாலங்கள் எடுக்கும். அந்த மணித்தியாலங்களுக்குள் சொல்ல வேண்டியவருக்குச் சொல்லிவிட்டால் மாடு கன்றோடு மேட்டுக்குப் போய்விடலாம்.

2025 நவம்பர் 28 ஆம் திகதி டித்வா சூறாவளி கரையைத் தொட்டபோது இதையெல்லாம் கண்ணால் பார்த்தோம். நாடெங்கும் 600 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அதே வருடம் பெப்ரவரியில்தான் ஐரோப்பிய வானிலை மையம் செயற்கை நுண்ணறிவு முன்னறிவிப்பை அன்றாடப் பாவனைக்கு விட்டிருந்தது. கூகுளின் வெள்ள முன்னறிவிப்பு 2022 இலேயே இலங்கைக்கு விரிவாக்கப்பட்டது. அது ஏழு நாட்கள் முன்னால் பார்க்கும் என்கிறார்கள். பக்கத்தில் இந்தியாவில் 2025 பருவமழைக்கு முன்னர் வேளாண் அமைச்சு 3.8 கோடி விவசாயிகளின் போனுக்கு, மழை எப்போது தொடங்கும் என்பதை நான்கு வாரம் வரை முன்கூட்டியே அனுப்பியது. கணித்தது இந்தப் புது வகை மெசின்கள்தான். ஆக, கருவி இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

ஆனால் டித்வாவின்போது எழுந்த முறைப்பாடு என்ன? எச்சரிக்கைகள் தமிழில் பிந்தி வந்தன, சில வரவேயில்லை என்பது. ஏழு நாட்கள் முன்னால் பார்க்கும் மெசின் இருக்கும் காலத்தில், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்த ஒரு பந்தியைத் தமிழாக்குவதில் நாம் தடுக்கி விழுகிறோம். மொழிபெயர்ப்பும் இன்று மெசின் செய்கிற வேலைதான். மொறட்டுவைப் பல்கலைக்கழகம் அரச ஆவணங்களுக்கென்றே சிங்களம் – தமிழ் மொழிபெயர்ப்புக் கருவி ஒன்றைச் செய்து பல வருடங்களாகிவிட்டன. அப்படியானால் குறை மெசினில் இல்லை. தமிழில் போகாவிட்டால் யார் பதில் சொல்வது என்று எங்கும் எழுதப்படவில்லை, அதுதான் குறை. கடைசியில் ஆட்களை எழுப்பியது கோயில் ஒலிபெருக்கிகளும், பள்ளிவாசல் அறிவிப்பும், இரவிரவாக மோட்டார் சைக்கிளில் திரிந்த இளைஞர்களும்தான்.

அடுத்து, மெசின் எதைப் பார்க்கிறது என்பது. சென்ற காலபோகத்தில் கட்டுக்கரைக்குக் கீழே ஒரு வயலில் பயிர் வட்டம் வட்டமாக மஞ்சளடித்தது. வயல்காரரின் மகன் இலையைப் படமெடுத்துப் போனில் கேட்டான். நைதரசன் குறைபாடு, யூரியா போடுங்கள் என்று வரிசையாக, மரியாதையாக, ஏக்கருக்கு எத்தனை கிலோ என்பதோடு பதில் வந்தது. யூரியா மூட்டை வரம்பில் இறங்கியும் விட்டது. நல்ல வேளை, அன்று விவசாயப் போதனாசிரியர் அந்தப் பக்கம் வந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வயலுக்குள் இறங்கி, பயிரைக் கையால் விலக்கி, அடித்தண்டை இரண்டு தட்டுத் தட்டினார். தண்ணீரில் கபில நிறப் பூச்சிகள் பொலபொலவென்று விழுந்து மிதந்தன. அறக்கொட்டியான். அது இலையில் இருக்காது, தண்ணீர் மட்டத்துக்கு மேலே தண்டில் இருந்து சாற்றை உறிஞ்சும். யூரியா போட்டுப் பயிர் இன்னும் தழைத்திருந்தால் பூச்சிக்குக் கொண்டாட்டம். பையன் விடவில்லை, நடந்ததை மெசினுக்குச் சொன்னான். உடனே மன்னிப்புக் கேட்டு, சரியான வைத்தியத்தையும் சொன்னது. மன்னிப்புக் கேட்க அதற்கு ஒரு செலவுமில்லை.

மனிதர் என்றால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்பீர்கள். ஆகாது. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே இரவில் தடைசெய்தது எந்த மெசின்? அந்த முடிவை எடுத்தவர்கள் மனிதர்கள்தான். போகக் கூட்டம் எதிலும் கேட்காமல் எடுத்தார்கள், விளைச்சல் விழுந்தது, அந்த வருடம் முடிவதற்குள் திருப்பி எடுத்தார்கள். வயலை அறியாத முடிவு மனிதமூளையிலிருந்து வந்தாலென்ன, சிலிக்கனிலிருந்து வந்தாலென்ன, வயல்காரருக்கு ஒன்றுதான்.

நிபுணர்களின் கணக்கை நம்பி ஏமாந்த கதை நம் கரைக்கு நூறு வருடப் பழசு. அரிப்புக் கடற்கரையில் தேசாதிபதி பிரெட்ரிக் நோர்த் முத்துக்குளிப்பைக் கண்காணிக்கக் கட்டிய டொரிக் மாளிகை இடிந்து, கடல் அரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1891 க்குப் பிறகு சிப்பி இல்லாமல் பாரெல்லாம் வெறுமையாகக் கிடந்தது. 1902 இல் லிவர்பூலிலிருந்து பேராசிரியர் ஹேர்ட்மன், உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னெலோடு வந்து கடலடியை ஆராய்ந்தார். ஐந்து தொகுதி அறிக்கை, ராயல் சொசைட்டி வெளியீடு. அவர்கள் வந்த நேரமோ என்னவோ, 1903 இலிருந்து வருடா வருடம் சிப்பி குவிந்தது. அரிப்புக்கு அருகே மணலில் ஒரு நகரமே எழுந்து அடங்கும். அரபிக்கரையிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் குளிகாரர் வருவார்கள்.

இதைப் பார்த்து 1906 இல் லண்டன் கம்பனி ஒன்று 20 வருடக் குத்தகை எடுத்தது, வருடத்துக்கு 3,10,000 ரூபா. விஞ்ஞானி இருக்கிறார், அறிக்கை இருக்கிறது, நல்ல வருடங்களின் இலக்கங்கள் இருக்கின்றன, இன்னும் என்ன வேண்டும்? 1907 க்குப் பிறகு பல வருடம் முத்துக்குளிப்பே நடக்கவில்லை. கம்பனி கடையைக் கட்டியது. அதற்கு முந்தைய நூற்றாண்டிலும் சிப்பி இப்படித்தான் சில வருடம் வரும், பல வருடம் மறையும்; கரையில் இருந்தவர்களுக்கு அது தெரியும். கம்பனியின் கணக்கில் நல்ல வருடங்கள்தான் இருந்தன. (ஒரு காலத்தில் சுறாவின் வாயைக் கட்டும் மந்திரக்காரருக்கும் அரசாங்கம் சம்பளம் கொடுத்தது. குளிகாரர் அவர் இல்லாமல் கடலில் இறங்க மாட்டார்கள். சுறா கடித்தால் அவரைப் பிடித்துக் கேட்கலாம் என்ற வசதியாவது அதில் இருந்தது.)

இன்றைய அறிவு மெசின்களும் போனதைப் பார்த்து வருவதைச் சொல்பவைதான். அவை பார்த்ததில் நம் பங்கு எவ்வளவு? இணையத்தில் கிடக்கும் எழுத்தில் ஆங்கிலம் நாற்பது விழுக்காட்டுக்கு மேல். தமிழ் முழுவதையும் சேர்த்தாலும் ஒரு விழுக்காட்டின் பத்திலொரு பங்கு தேறாது. அதில் மன்னார் எவ்வளவு, நானாட்டான் எவ்வளவு என்று கேட்கவே கூச்சமாயிருக்கிறது. நூலகம் வலைத்தளத்தில் 2005 இலிருந்து ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஏற்றிவரும் தன்னார்வலர்கள் இல்லாவிட்டால் இதுவும் இருக்காது. சின்ன மொழிகளைக் கவனிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 2018 மார்ச் சாட்சி. திகனையில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்பைப் பேஸ்புக் பிடிக்கத் தவறியது. 2020 இல் அந்த நிறுவனமே மன்னிப்புக் கேட்டது. மேலே சொன்ன யூரியா மன்னிப்பு ஒரு வயலோடு போனது. இது அப்படியல்ல.

இனி உயிலங்குளத்து அஞ்சலட்டைக்கு வருகிறேன். எங்களுக்கு என்ன மிஞ்சும்?

ஐயா, போருக்குப் பிந்திய வருடங்களில் வெட்டு மெசின் வந்ததை நீங்களும் பார்த்தீர்கள். அதற்கு முன் அருவி வெட்டுக்குப் பெண்கள் கூட்டமாகப் போவார்கள். சூடு வைத்து, அடித்து, தூற்றி, கூலியாக நெல் கொண்டு வருவார்கள். மெசின் ஒரு மணித்தியாலத்தில் ஒரு ஏக்கரை விழுங்கியது. வயல்காரருக்கு நிம்மதி, அதை மறுக்க மாட்டேன், மழைக்கு முன் நெல் வீட்டுக்கு வந்தது. ஆனால் எல்லோருடைய நெல்லும் ஒரே கிழமையில், ஈரத்தோடு சந்தைக்கு வந்ததால் விலை விழுந்தது. தார் றோட்டெல்லாம் நெல் காய்ந்தது. ஊர் விட்டு ஊர் வந்த மெசினோடு பன்றிநெல்லும் வயலுக்கு வயல் தொற்றியது. கூலிப் பெண்களில் பலர் வெளிநாடு போனார்கள். இதில் ஒன்றைக்கூட யாரும் எந்தக் கூட்டத்திலும் பேசவில்லை. மெசின் வந்தது பிழையில்லை. அந்தப் பெண்களை எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடாததுதான் பிழை என்பது என் தீர்ப்பு.

அடுத்து வருவது வயல் வேலையைவிட மேசை வேலையைத்தான் முதலில் தின்னும். தட்டச்சு, மொழிபெயர்ப்பு, கணக்கெழுதுதல், கடிதம் எழுதிக்கொடுத்தல். உயர்தரம் முடித்த நம் பிள்ளைகள் நம்பியிருக்கும் வேலைகள். போதனாசிரியரைப்போல சப்பாத்தைக் கழற்றிவிட்டு இறங்குகிறவருக்கு வேலை போகாது என்று நம்புகிறேன். அப்படி இறங்குகிறவர்களின் பதவிகளை, மெசின் இருக்கிறதே என்று சொல்லி அரசாங்கம் நிரப்பாமல் விட்டுவிடுமோ என்பதுதான் என் பயம்.

கையில் ஆயுதமே இல்லாமலும் இல்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், மெசின் மட்டுமே எடுத்த முடிவை மீளாய்வு செய்யும்படி கோரும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. அதன் அமுலாக்கத்தைத்தான் இழுத்தடித்தார்கள். அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இன்றைக்கே பாவனையில் இருக்கிறது. "என் பெயர் ஏன் பட்டியலில் இல்லை, எந்தக் குறிகாட்டியில் எனக்கு எத்தனை புள்ளி" என்று தமிழில் ஒரு தாளில் எழுதித் தகவல் அலுவலரிடம் கொடுங்கள். விண்ணப்பிக்கக் கட்டணமில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். "சிஸ்டம் காட்டுது" என்பது அந்தச் சட்டத்தின் கீழ் பதிலாகாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் பெரியவர்கள் சிலர் மழைக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த வருடம் குளம் வான் பாய்ந்தது, எந்த வருடம் ஆறு எந்த மைல்கல் வரை ஏறியது, எப்போது விதைத்தோம், எப்போது அறக்கொட்டியான் விழுந்தது என்று பழைய டயறிகளிலும் கலண்டர் பின்பக்கங்களிலும் கிடக்கின்றன. சம்மாட்டிமாரின் கொப்பிகளில் காற்றும் மீனும் இருக்கும். அவற்றைத் தேடி எடுத்துப் படியெடுத்து அனுப்புங்கள். மூலத்தை நீங்களே வைத்திருங்கள். எந்தக் கம்பனி கேட்டாலும் சும்மா தூக்கிக் கொடுக்காதீர்கள். வரும் இதழிலிருந்து ஊர் வாரியாகப் போடுவோம். அடுத்த காலபோகக் கூட்டத்தில் யாராவது மெசின் கணக்கோடு வந்தால், பக்கத்தில் வைத்துப் பார்க்க நம்மிடமும் ஒரு கணக்கு இருக்க வேண்டும்.

எழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை, மை கலைந்திருந்தாலும் பரவாயில்லை. சிறுபோக அறுவடை முடிவதற்குள் இதழ் முகவரிக்குக் கிடைக்கும்படி அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்